பாரிஸில் சாப்பிடும் முன்பும் சட்டி வாங்கும் முன்பும்

சமையற்கலைப் பயிற்றுநராக இருப்பதால், பாரிஸுக்குப் புறப்படுகிறவர்கள் என்னிடம் தவறாமல் இரண்டைக் கேட்பார்கள்: எங்கே சாப்பிடுவது, சமையல் சாமான் எங்கே வாங்குவது. கடைப் பெயர்களை எழுதிக் கொடுப்பதைவிட, வாசலில் தொங்கும் விலைப்பட்டியலையும் சாமானில் ஒட்டியிருக்கும் சீட்டையும் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர்களுக்கு உதவியிருக்கிறது.

பிரான்சில் உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, வாசலில் நின்று கூவி அழைப்பவரின் புன்னகைக்கு மயங்காமல், நின்று நிதானமாகப் படிக்கலாம். ஐந்தாறு பண்டங்களை மட்டும் கரும்பலகையில் சாக்கட்டியால் எழுதியிருக்கும் இடத்தையே நான் தேர்வு செய்வேன். அறுபது பண்டங்களைப் படத்தோடு போட்டிருக்கும் சிறிய உணவகத்தில் உறைபெட்டிதான் தலைமைச் சமையற்காரர். கைப்பிடிச் சட்டிக்கு வீட்டுக்கூரையை மூடியாகப் போட்டது போன்ற சின்னம் 2014 முதல் புழக்கத்தில் உள்ளது. ‘ஃபெ மேஸோன்’ எனப்படும் அது, பச்சைப் பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்பதைக் குறிக்கும். ஆனால் உறைய வைத்த பச்சை இறைச்சியையும் விதி அனுமதிக்கிறது என்பதால், அன்றன்று வாங்கிய சரக்கு என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வார நாள் மதியத்தில் இரண்டு மூன்று பண்டங்களைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் ‘ஃபோர்முல்’ இரவு உணவைவிட மலிவு. பல இடங்களில் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். பரிமாறும் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். சைவர்கள் “இறைச்சி உண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக உட்காரக் கூடாது. வெங்காய சூப்பை மரபாக மாட்டிறைச்சிச் சாற்றில்தான் கொதிக்க வைப்பார்கள். கீரை சாலட்டில் பொரித்த பன்றித் துணுக்குகள் கிடக்கும். எந்தச் சாற்றில் வேக வைத்தது என்று கேட்க வேண்டும்.

பாத்திரக் கடைகளுக்கு லே ஆல் பகுதியைச் சொல்வேன். நகரின் மொத்த உணவுச் சந்தை 1969-இல் புறநகரான ரன்ஜிஸுக்குப் போகும்வரை அங்கேதான் இருந்தது. சரக்கு எடுக்க வந்த சமையற்காரர்கள் கரண்டியையும் கத்தியையும் பக்கத்திலேயே வாங்கினார்கள். சந்தை போயும் கடைகள் அங்கேயே நிலைத்துவிட்டன. 1814-இல் தொடங்கிய மோராவும் 1820-இல் தொடங்கிய தெஇல்ரானும் அவ்வகையின. இத்தகைய கடைகள் தொழில்முறைச் சமையற்காரர்களுக்காக ஏற்பட்டவை என்பதால் சீட்டில் ‘எச்.டி.’ (HT) என்று இருந்தால் வரி சேராத விலை, ‘டி.டி.சி.’ (TTC) என்றால் வரி சேர்ந்த விலை. இதைக் கவனிக்காமல் நூறு யூரோ என்று நான் தூக்கிய சட்டிக்கு ஒரு கடையில் 20 சதவீத வரியோடு 120 கொடுத்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் இயந்திரத்தில் பதிய வேண்டும். கத்தி வாங்கியிருந்தால் அது கைப்பையில் போகாது.

செப்புச் சட்டியில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். 2.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது சமைக்க. மெல்லியது பெரும்பாலும் மேசையில் வைத்து அழகு பார்க்க. அடியில் வேறு உலோகம் சேர்க்காத செம்பு இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. உள்பூச்சு இல்லாத அகன்ற சட்டி ஜாம் காய்ச்சுவதற்கானது; அதில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். வெள்ளீயம் பூசியதை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது, 232 டிகிரியில் பூச்சு உருகிவிடும். காலியான ஈயச் சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் சட்டியில் எட்டு ஆண்டுகளில் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கும்பகோணத்தில் ஈயம் பூசும் பெரியவர் ஒருவர் அதைக் கரியடுப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரே சுற்றில் வெள்ளீயத்தை இழுத்துவிட்டார். “பிடி பலமா இருக்கு, எந்த ஊர்ச் சட்டி சார்?” என்று மட்டும் கேட்டார்.