மயக்க டாக்டர் யார் என்றும் கேளுங்கள்

குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார் ஒருவர். மேசைக்கு அழைத்துப் போகும் முன் எப்போதும் கேட்பதைக் கேட்டேன்: கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்? "ராத்திரியோடு சரி டாக்டர். காலையில் ஒரு காபி மட்டும்." பால் காபி. அன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்றேன். "முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சின்ன ஆபரேஷன்தானே?" என்று வருத்தப்பட்டார்.

சின்னது என்று நாம் சொல்வது தையலின் அளவைத்தான். முதுகு ஊசி சில சமயம் சரியாகப் பிடிக்காது. முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். அப்போது வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாலுக்கும் இட்லிக்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம்.

சர்ஜனைத் தேடும்போது நம் மக்கள் கைராசி பார்க்கிறார்கள். அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். நான் பார்த்தவரை கைராசி என்பது பெரும்பாலும் பழக்கம்தான். அதனால் நேராகவே கேளுங்கள்: இதே ஆபரேஷனை மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? அவருடைய பதிவை மருத்துவக் கவுன்சில் பட்டியலில் சரிபார்க்கலாம். மயக்கம் கொடுப்பது யார், முடியும்வரை கூடவே இருப்பாரா, நிலைமை மோசமானால் எந்த ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோவீர்கள் என்பதையும் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்படமாட்டார்.

குடலிறக்கத்தையே எடுத்துக்கொண்டால், ஆபரேஷன் முடிந்த அன்று சிலருக்குச் சிறுநீர் பிரியாது. வயிற்றுச் சுவரைத் தாங்க வலைத்துணி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். தொடை இடுக்கில் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அரிதாக விதைக்குப் போகும் இரத்த ஓட்டம் பாதிக்கப்படும். இதையெல்லாம் சொல்லாமல் வாங்குகிற கையெழுத்து சம்மதம் ஆகாது. நோயறியும் சோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு அவரைக் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்த வழக்கில், அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. படிவத்தைப் படித்துப் பார்க்க நேரம் கேட்பது உங்கள் உரிமை.

சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவாருங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். எப்போது நிறுத்துவது என்று அதை எழுதிக் கொடுத்தவரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒன்று. இரவு காய்ச்சலோ, கட்டு நனையும் அளவு இரத்தமோ வந்தால் யாரை அழைப்பது? அந்த நம்பரை வாங்காமல் ஆட்டோவில் ஏறாதீர்கள்.