ஊசிதானே, வயித்துக்குள்ளயா போகுது?

இந்த மாதமும் ஒருவர். ஐம்பதை நெருங்கும் அக்கா, மண்டபம் பக்கம், சிறு வயதிலிருந்து தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) முழங்கால் வலி, இடுப்பு வலி. மூன்று வருடமாக மெடிக்கலில் செட் மாத்திரை, தாங்க முடியாத நாளில் ஒரு ஊசி. என்னிடம் வந்தது வலிக்காக இல்லை, கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை என்று. முகம் உருண்டிருந்தது, கையில் லேசாக இடித்த இடமெல்லாம் கன்றியிருந்தது. "சதை போட்டுட்டேன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க டாக்டரம்மா, நல்லாத்தானே இருக்கோம்னு நெனச்சேன்" என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனைதான் கிரியேட்டினின். பெண்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய அது அவருக்கு 3.8. ஊரில் "உப்பு கூடிருச்சு" என்பார்களே, அதுதான்.

செட் மாத்திரை என்பது என்ன? நான்கைந்து மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பேப்பரில் மடித்துத் தருவது. பெயர் இருக்காது, தேதி இருக்காது. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஒன்று, ஒரு பாராசிட்டமால், வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று, கூடவே ஒரு குட்டி மாத்திரை. அந்தக் குட்டி மாத்திரைதான் வில்லன். ஸ்டீராய்டு. அது போட்டதும் வலி குறையும், பசி எடுக்கும், உடம்பில் ஒரு தெம்பு வந்த மாதிரி இருக்கும். அதனால்தான் "அந்தக் கடைக்காரர் கை ராசியான கை" என்ற பெயர். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், எலும்பு பொடியும். இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்தும் போகலாம். சங்கு குளிக்கிறவர்களில் சிலருக்கும் தோள், இடுப்பு எலும்பில் இதே கேடு வருவதுண்டு, ஆனால் அது ஆழத்தின் அழுத்தத்தால் வருவது. கம்ப்ரஸர் வைத்து முங்குகிறவர் தோள்வலி என்று வந்தால், தைலம் எழுதுவதற்கு முன் தொழிலைக் கேளுங்கள் என்று இளம் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, என்னை அதிகம் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "மாத்திரைதான் வயித்தைப் புண்ணாக்கும், அதனாலதான் ஊசி போட்டுக்கிறேன். ஊசி வயித்துக்குள்ளயா போகுது?" படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு நர்ஸே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இல்லை. இல்லவே இல்லை. வலி மாத்திரை வயிற்றுச் சுவரில் உரசுவதால் மட்டும் புண் வருவதில்லை. வலியை உண்டாக்கும் அதே வேதிப்பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கும் வழவழப்பையும் சுரக்கச் செய்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. வலி மருந்து அதை உடம்பு முழுக்க நிறுத்துகிறது, வலிக்கிற முட்டியில் மட்டும் இல்லை. வாயில் போட்டாலும், புட்டத்தில் குத்தினாலும், ஆசனவாயில் வைத்தாலும் மருந்து ரத்தத்துக்குத்தான் போகிறது. ரத்தம் வயிற்றுக்கும் போகிறது, கிட்னிக்கும் போகிறது. ஊசி போட்டு மறுநாள் கறுப்பாக, தார் மாதிரி மலம் போய் (வயிற்றுக்குள் ரத்தம் கசிந்ததன் அடையாளம் அது) மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்திருக்கிறார்கள். அவர் வாழ்நாளில் வலி மாத்திரை விழுங்கியதில்லை. ஊசி சீக்கிரம் கேட்கும், அவ்வளவுதான். சீக்கிரம் கேட்பதும் பாதுகாப்பும் ஒன்றா? அத்துடன் ஊசிக்கென்றே சில தொல்லைகள் உண்டு: புட்டத்தில் சீழ் கட்டுவது, குத்தும் இடம் தவறி நரம்பில் பட்டு பாதம் தொங்கிப்போவது. கூட்டம் அதிகமான நாளில் ஒரே ஊசியை இரண்டு பேருக்குப் போடும் இடங்களைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை, எழுதினால் கை நடுங்கும்.

நம் கடற்கரையில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. வெயிலில் வேலை, குடிப்பது கொஞ்சம் தண்ணீர். படகில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை, அதனால் தண்ணீரே குடிக்காமல் போகிறார்கள். வறண்ட உடம்பில் வலி மருந்து விழுந்தால் கிட்னி முதலில் அடிபடும். பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கீழக்கரை, ஏர்வாடி, தொண்டிப் பக்கத்து மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோன்பு தொடங்கும் முன் வந்து சொல்லுங்கள். எதை எந்த நேரத்துக்கு மாற்றலாம், எதை அந்த மாதம் நிறுத்தலாம் என்று பேசி முடிவு செய்யலாம். நாங்களாகவே பார்த்துக்கொண்டோம் என்று பெருநாள் பிறைக்குப் பிறகு வந்து நிற்காதீர்கள்.

செட் மாத்திரை வாங்குகிறவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்று தெரியும். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். மெடிக்கலில் பத்து நிமிடத்தில் வேலை முடியும். அதனால்தான் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த வலியெல்லாம் எங்கள் வாசலுக்கு வருகிறது. அப்படி வருகிறவரை இரண்டு நிமிடத்தில் ஊசி போட்டு அனுப்பும் எங்கள் தொழில்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. கேட்டால், "ஊசி போடலைன்னா அடுத்த தடவை வரமாட்டாங்க" என்கிறார்கள். வராமல் போனால் போகட்டுமே.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி வேறு வகை. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் வலியைக் கூட்டிக் கூட்டிக் காட்டப் பழகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடப்பில் உள்ள 11-வது பதிப்பில், நாள்பட்ட வலிக்குத் தனி இடமே இருக்கிறது. "மாமியா நடிக்கிறா" என்று சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். அதேபோல, ஸ்கேனில் "டிஸ்க் விலகியிருக்கு" என்று எழுதியிருந்தால் உலகம் முடிந்துவிடவில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது, 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. ஃபிலிமை லேமினேட் செய்து கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

"முழுசா போயிருமா டாக்டர்?" என்று கேட்பவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை. பலருக்கு முழுசாகப் போகாது. பத்தில் எட்டாக இருக்கும் வலி ஐந்தாகலாம், இரவில் தூக்கம் வரலாம், திரும்ப வேலைக்குப் போகலாம். அதற்குப் பல வழிகள் உண்டு. முட்டிக்கு வலி ஜெல் தடவுவது பலருக்கு மாத்திரைக்கு நிகராகக் கேட்கும், ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும், மூன்று நாள் செய்துவிட்டு "கேக்கலை" என்று சொல்லக்கூடாது. வலி மாத்திரை தேவைப்படும் நேரமும் உண்டு. குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, கிட்னியும் பிரஷரும் பார்த்துவிட்டுத் தருவோம். காலில் எரிச்சல், மின்னல் வெட்டு மாதிரி இழுப்பு என்றால் அது நரம்பு வலி, அதற்கு மருந்தே வேறு. அமிட்ரிப்டிலின் கொஞ்சமாக இரவில் எழுதினால், கடைக்காரர் "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்குறது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார், அக்கா திரும்பி வந்து என்னிடம் சண்டை போடுகிறார். நரம்பு வலிக்கும் அதே மருந்துதான் அக்கா, குறைந்த அளவு, அவ்வளவுதான்.

வேலையை விடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் விடப்போவதில்லை. கருவாடு பிரிப்பதையும் நண்டு உடைப்பதையும் தரையில் குந்தி உட்கார்ந்து செய்யாமல் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். ஒரே கூடையில் முழுப் பாரத்தையும் தூக்காமல் இரண்டாகத் தூக்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது, ஊர் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். முட்டி அறவே தேய்ந்து போயிருந்தால் அறுவை சிகிச்சை பற்றி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம், போகும்போது காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரம் மடங்கவில்லை, இரண்டு கையிலும் கணு வீங்குகிறது என்றால் அது தேய்மானம் இல்லை, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. செட் மாத்திரை வீக்கத்தை வடித்துக் காட்டும், மூட்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும்.

டாக்டரிடம் வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பேப்பரில் மடித்தது, சூரணம், லேகியம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாம். திட்ட மாட்டேன். (கொஞ்சம் திட்டுவேன்.) "உடம்பெல்லாம் வலி" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. எந்த வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள்: படகில் ஏற முடியவில்லை, தொழுகையில் உட்கார முடியவில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு வலி எழுப்புகிறது. பிறகு நீங்கள் கேளுங்கள். இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், கேட்கவில்லை என்றால் அடுத்து என்ன? பதில் சொல்லாத டாக்டரை மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் வாரத்துக்கு ஒருவராக மாற்றாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றே செட் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்ட உடம்பு, தானே சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைக்க வேண்டும், டாக்டர் பார்த்துக் குறைக்க வேண்டும். இடுப்பு வலியுடன் சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, தன்னையறியாமல் பிரிந்தாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப் போனாலோ, பாதம் தூக்க முடியாமல் போனாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சலுடன் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பு மலம், இவற்றுக்கும் மெடிக்கல் வாசலில் நிற்காதீர்கள்.