வேலூர் வெயிலில் ஓணான் எப்படிப் பிழைக்கிறது?

கத்திரி வெயிலில் மதியம் ஒரு மணிக்கு வேலூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் எதிலாவது ஏறிப் பார்த்தால் ஒரு ஓணான்கூடக் கண்ணில் படாது. காலை ஏழரை மணிக்கு அதே குன்றில் பாறைக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தவைதான். ஓணானுக்கு வெயில் என்றால் உயிர் என்று நினைத்திருக்கிறோம். அது பாதிதான் உண்மை. வெயில் படாமல் அதனால் வேகமாக ஓடக்கூட முடியாது. அதே வெயில் அளவு மீறினால் சில நிமிடங்களில் செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உடம்பை நிறுத்திவைப்பதுதான் அதன் அன்றாட வேலை.

நாம் சாப்பிடும் சோற்றில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. எலி, அணில், காக்கை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஓணான் அந்தச் செலவைச் செய்வதில்லை. தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சூரியனிடமிருந்தும் பாறையிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறது. அதனால் அதே எடையுள்ள எலிக்கு வேண்டிய இரையில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குத் தேவைப்படாது. புல்லே இல்லாத மொட்டைப் பாறையில் கொஞ்சம் எறும்பையும் எப்போதாவது ஒரு வெட்டுக்கிளியையும் வைத்து அது காலம் தள்ள முடிவது இதனால்தான்.

இதைக் 'குளிர் ரத்தப் பிராணி' என்று பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள், ஓணானின் ரத்தம் எப்போதும் சில்லென்று இருக்கும் என்றே நம்புகிறார்கள். பகலில் நடமாடும் பல ஓணான் இனங்கள் சுறுசுறுப்பாக இருக்கும்போது உடல் வெப்பத்தை 32 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குள் வைத்துக்கொள்கின்றன. நமக்கு 37. காலை பத்து மணிக்குப் பாறை மேல் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் ரத்தமும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாணவனின் ரத்தமும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்கும்.

விலங்கியல் நடத்துகிறவன் என்ற முறையில், இந்தப் பாடத்தை வகுப்பறைக்குள் முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. விடியற்காலையில் குன்றுக்குப் போனால் எல்லாமே கண்ணெதிரே நடக்கும். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரித் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஆனால் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் வகை வேண்டும். நெற்றிக்கானது அதிக சூட்டை அளக்காது. அதைப் பாறைமீதுதான் காட்ட வேண்டும். தள்ளி நின்று ஓணான்மேல் காட்டினால், சுற்றியுள்ள பாறையின் சூடும் சேர்ந்து தப்பான எண் வரும்.

முதல் வெயில் விழுந்ததும் இடுக்கிலிருந்து தலை மட்டும் வெளியே வரும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு வந்து, விலா எலும்பை விரித்துத் தட்டையாகி, சூரியனுக்குப் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். இந்த நேரத்தில் அதன் தோல் கறுத்திருக்கும். தோலில் உள்ள நிறமி உயிரணுக்களுக்குள் மெலனின் என்ற கருநிறத் துகள்கள் பரவினால் உடம்பு கறுக்கும், வெயிலை அதிகம் உறிஞ்சும். துகள்கள் உயிரணுவின் நடுவில் ஒடுங்கினால் வெளிறிவிடும். உள்ளேயும் ஒரு ஏற்பாடு உண்டு. சூடேறும்போது இதயம் வேகமாக அடித்துத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது. ஆறும்போது அடிப்பு குறைகிறது. பல ஓணான் இனங்களில் சூடு சீக்கிரம் ஏறி மெதுவாக இறங்குவதற்கு இதுதான் காரணம்.

ஒன்பது மணிக்கு மேல் காட்சி மாறும். இப்போது தோல் வெளிறியிருக்கும். முகம் சூரியனைப் பார்த்துத் திரும்பியிருக்கும், உடம்பில் விழும் வெயில் குறைவு. முன்கால்களை ஊன்றி வயிற்றைப் பாறையிலிருந்து தூக்கிக்கொள்ளும். அப்புறம் கால்விரல்களும் உயரும். அதற்கும் மேல் தாங்கவில்லை என்றால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். அடுத்த கட்டம் நிழல்தான். ஏப்ரல் மதியத்தில் வெயில் பட்ட பாறைக்கும் ஒரு முழம் தள்ளியுள்ள இடுக்குக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று தெர்மாமீட்டரில் பார்த்த மாணவர்களுக்கு அதன்பின் விளக்கமே தேவைப்படாது. மேலே கை வைக்க முடியாது, உள்ளே வைக்கலாம்.

இவ்வளவும் தெரியவந்ததற்குக் கலிபோர்னியாவில் பாடம் நடத்திய ஒரு பேராசிரியருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ரேமண்ட் கௌல்ஸ் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள நைல் உடும்பு மழையில் இளகிய கரையான் புற்றைத் தோண்டி முட்டையிடுவதையும், கரையான்கள் ஓட்டையை மூடிவிடுவதையும், முட்டைகள் புற்றின் கதகதப்பிலேயே வளர்வதையும் ஆராய்ந்து எழுதினார். நம் ஊர் உடும்புக்கு உறவுக்காரன்தான் அது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் கற்பித்தார். அன்றைக்கு ஊர்வனவற்றின் உடல் வெப்பம் காற்றின் வெப்பத்தைப் பின்தொடர்ந்தபடியே இருக்கும், அவற்றுக்கு அதில் பிடி கிடையாது என்பதே பொதுவான எண்ணம். பாலைவனத்தில் வாழும் பாம்பும் பல்லியும் எந்த வெயிலையும் தாங்கும் என்றும் நம்பினார்கள். நிழலுக்குப் போக விடாமல் வெயிலில் வைத்தபோது அவை சில நிமிடங்களில் இறந்தன. கௌல்ஸும் அவருடைய மாணவர் சார்லஸ் போகர்ட்டும் பாலைவனத்திலேயே கூண்டு அமைத்து, அவை தாமாக எந்தச் சூட்டைத் தேர்ந்தெடுக்கின்றன என்று அளந்தார்கள். 1944இல் வெளியான அந்த ஆய்வு, ஓணான் இடம் மாறியே தன் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது என்று காட்டியது. பிறகு மிங்க் என்ற விலங்கின் ரோமத்தில் சின்னச் சட்டை தைத்து ஓணானுக்குப் போட்டும் பார்த்தார் கௌல்ஸ். சட்டை வெயிலைத் தடுத்ததால் உடம்பு சரியாகச் சூடேறவில்லை. வெளியிலிருந்து வெப்பம் வாங்கும் உயிருக்குப் போர்வை எதிரி.

அவருடைய இன்னொரு மாணவர் ராபர்ட் ஸ்டெப்பின்ஸ். அவரும் பேராசிரியரானார். ஓணானின் உச்சந்தலையில் செதில்களுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி இருக்கும். நம் தோட்டத்து ஓணானிலும் உற்றுப் பார்த்தால் தெரியும். வில்லையும் விழித்திரையும் உள்ள மூன்றாவது கண் அது. உருவம் தெரியாது, ஒளி தெரியும். 1958இல் ஸ்டெப்பின்ஸும் ரிச்சர்ட் ஈகினும் அமெரிக்க ஓணான்களில் அதை நீக்கிவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஓணான்கள் மற்றவற்றைவிட அதிக நேரம் வெயிலிலேயே கிடந்தன. இன்று எவ்வளவு வெயில் வாங்கியாயிற்று என்று உடம்புக்குச் சொல்வதில் அந்தக் கண்ணுக்கும் பங்கு உண்டு. ஒரு ஆசிரியர் கேட்ட கேள்வியை அவருடைய மாணவர் அடுத்த படிக்குக் கொண்டுபோன விதத்துக்காகவும் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும்.

உடம்பின் சூடு ஓணானின் குணத்தையே மாற்றும். இஸ்ரேலின் ஓணான்களை வைத்து 1982இல் வெளியான ஆய்வு இதைச் சொன்னது. சூடேறிய ஓணான் ஆபத்து வந்தால் ஓடிவிடும். குளிர்ந்த ஓணானுக்கு ஓட வேகம் கிடையாது, எனவே நின்று வாயைத் திறந்து மிரட்டும், கடிக்கவும் வரும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது காய்ச்சல்தான். நாடெங்கிலுமிருந்து வைத்தியத்துக்கு ஆட்கள் வந்து இறங்கும் ஊர் வேலூர். அந்த ஊரில் காய்ச்சல் என்றதும் மாத்திரைதான் நினைவுக்கு வரும். மேத்யூ குளூகர் என்ற அமெரிக்க உடலியலாளரும் அவருடைய குழுவினரும் 1970களில் பாலைவன இகுவானா என்ற பல்லிக்கு நோய்க்கிருமியைச் செலுத்தினார்கள். அது தானாகச் சூடான பக்கம் நகர்ந்து, வழக்கத்தைவிட இரண்டு டிகிரி அளவுக்கு உடல் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டது. உடம்புக்குள் சூட்டை உண்டாக்க வழியில்லாத உயிர், நடந்து போய்க் காய்ச்சலை வாங்கிவருகிறது! சூடான இடத்தில் வைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் வைத்தவற்றில் பெரும்பாலானவை இறந்தன. கிருமியை எதிர்க்கக் காய்ச்சலும் உதவும் என்பதற்கு வலுவான ஆரம்பகாலச் சான்று ஒரு பல்லியினத்திடமிருந்து வந்தது.

முட்டைக்குள்ளும் வெப்பம் புகுந்து விளையாடும். பழைய வட ஆற்காட்டின் சாத்தனூர் அணையில் பார்க்கிறோமே, அந்தச் சதுப்புநில முதலைக்கு ஆண், பெண் என்பதை முடிவுசெய்வது மண்ணின் சூடு. சென்னை முதலைப் பண்ணையில் செய்த ஆய்வில் 28 முதல் 31 டிகிரி வரை அடைகாத்த முட்டைகளில் பெண் குஞ்சுகளே வந்தன. 32.5 டிகிரியில் ஆண்கள்.

சரி, நிழல் விஷயத்துக்கு வருவோம். மெக்சிகோவில் 200 இடங்களில் இருந்த முள் ஓணான்களைத் திரும்பப் போய்ப் பார்த்த பேரி சினெர்வோவும் குழுவினரும், 1975க்குப் பிறகு அந்தக் கூட்டங்களில் 12 சதவீதம் அற்றுப்போனதை 2010இல் தெரிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், வெயிலில் சுருண்டு செத்தன என்பதல்ல. சூடு கூடியதால் நிழலில் பதுங்கிக் கிடக்கும் மணி நேரம் அதிகமாகிறது, இரை தேடும் நேரம் குறைகிறது, இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணுக்குப் போதிய தீனி கிடைப்பதில்லை. பசிதான் முடிவு கட்டுகிறது.

'ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி' என்பார்கள். கிளுவை வேலியில் ஒரே செடியில் உச்சியில் வெயில், நடுவில் அரை நிழல், அடியில் முழு நிழல். நாலு அடி ஏறி இறங்கினால் ஓணானுக்கு நாள் ஓடிவிடும். அந்த இடத்தில் காம்பவுண்ட் சுவர் எழுப்பினால் உச்சி வேளையில் ஒதுங்க இடமே இருக்காது. குன்றைக் குவாரியாக்கும்போதும் இதேதான். அங்கே போவது கல் மட்டுமல்ல, இடுக்குகளும் சேர்ந்து போகின்றன.

இங்கே நம் கல்லூரி மாணவர்கள் செய்ய அருமையான வேலை இருக்கிறது. ஒரு வேலி, ஒரு காம்பவுண்ட் சுவர், ஒரு பாறைக் குன்று. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு தடவை வெயிலிலும் நிழலிலும் சூட்டை அளந்து, எத்தனை ஓணான் வெளியே இருக்கிறது, எத்தனை இரை தேடுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் பிடிக்க வேண்டாம், தொந்தரவு செய்ய வேண்டாம். மதியப் பதுங்கல் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதுதான் முக்கியமான எண். அடுத்த வருடம் வரும் மாணவர்கள் அதே இடத்தில் அதே மாதிரி எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.