சலப் போத்தலுக்குள் தெரியும் சிறுநீரக அழற்சி

லூபஸ் என்ற நோய் உள்ள ஒருவர் யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்கு வருகிறார். வீக்கமில்லை, காய்ச்சலில்லை, பிரஷரும் சரி. ஆனாலும் சலப் போத்தலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சிறுநீரகத்தில் தொடங்கும் அழற்சி வலிக்காது. சலத்தில்தான் முதலில் பிடிபடும்.

லூபஸில் உடல் தன் சொந்த அணுக்கருப் பொருட்களுக்கே எதிராக, கிருமிகளைத் தாக்க வேண்டிய பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. அவை கூட்டாகச் சேர்ந்து கலன்கோளங்களில் படியும். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் இருக்கும் இந்த வடிகட்டிகள் பழுதானால், இரத்தத்தில் நிற்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சலத்தில் இறங்கும்.

அதை அளப்பதிலும் ஒரு சிக்கல். சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்தவரின் சலம் தடித்திருக்கும். இளநீர் குடித்து வந்தவருடையது நீர்த்திருக்கும். லீற்றருக்கு எவ்வளவு புரதம் என்று மட்டும் பார்த்தால் நோயை விட்டுவிட்டு வெயிலை அளந்தது போலாகிவிடும். அதனால்தான் புரதத்தைக் கிரியேட்டினினால் வகுக்கிறார்கள். தசையிலிருந்து நாளாந்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் வருவது அது. சலம் தடித்தால் இரண்டும் சேர்ந்தே கூடும், விகிதம் பெரிதாக அசையாது. 1 கிராம் கிரியேட்டினினுக்குப் புரதம் 0.5 கிராமைத் தாண்டினால், சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சி பற்றிய பேச்சு தொடங்கும். தசை மெலிந்தவரில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

ஆனால் புரதத்தின் பெரிய குறை வேறு. ஓடிக்கொண்டிருக்கும் அழற்சியாலும் புரதம் ஒழுகும், ஆறிப்போன தழும்பாலும் ஒழுகும். குசினிக் கூரையில் கரி இருக்கிறது என்பதற்காக இப்போது அடுப்பு எரிகிறது என்று சொல்ல முடியுமா? அழற்சி உள்ளவருக்கு மருந்தைக் கூட்ட வேண்டும். தழும்பு மட்டும் உள்ளவருக்குக் கூட்டினால் பக்கவிளைவுதான் மிச்சம். சரி, மாதாமாதம் பயொப்சி செய்யவா முடியும்?

இங்கேதான் சிடி163 வருகிறது. மாக்ரோபேஜ் எனப்படும் விழுங்கும் கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் இது. அழற்சியில் அந்தக் கலங்கள் தூண்டப்படும்போது இதன் வெளிப்பகுதி அறுந்து விடுபடும். அளவில் பெரிது என்பதால் நல்ல வடிகட்டியூடாக இரத்தத்திலிருந்து இறங்காது. ஆகவே சலத்தில் இது கூடினால், மாக்ரோபேஜ்கள் சிறுநீரகத்துக்குள்ளேயே மும்முரமாக இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். வடிகட்டி மோசமாகப் பழுதாகியிருந்தால் இரத்தத்திலுள்ளதும் கொஞ்சம் கலக்கும்தான். இருந்தாலும் அழற்சி ஓடும் நோயாளிகளில் இது உயர்ந்தும், சிகிச்சைக்கு அடங்கியவர்களில் தாழ்ந்தும் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாக்ரோபேஜ்களாக மாறும் வெள்ளணுக்களை அழைத்து வரும் எம்சிபி-1 என்ற புரதத்தையும் இப்படியே அளக்கிறார்கள்.

இவை இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே இருக்கின்றன. கிளினிக்கில் இப்போதைக்குப் புரத விகிதமும், நுண்நோக்கியில் சிவப்பணுக்களைத் தேடுவதும்தான். அதற்குக் காலையில் முதலில் போகும் சலம் நல்லது. மாதவிடாய் நாட்களில் கொடுக்காமல் விடுவதும், சலக்கடுப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் முடிவைக் குழப்பாது.