பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே பாட்டு

"ஏ பி சி டி முழுக்கச் சொல்லுவான் மேடம். கலர் பேரெல்லாம் இங்கிலீஷ்லயே சொல்லுவான். ஆனா தண்ணி வேணும்னா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான், வாயைத் திறக்க மாட்டேங்கறான்."

பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைக்கு இரண்டரை, மூன்று வயசு இருக்கும். வீட்டில் என்ன பாட்டு ஓடும் என்று நான் கேட்பேன். பதில் ஏறக்குறைய ஒன்றுதான். பிள்ளைக்குப் போனில் ரைம்ஸ். அது இல்லாமல் சோறு இறங்காது. அப்பாவின் காதில் இயர்பட்ஸ். அம்மா சமைக்கும்போது எண்பதுகளின் சினிமாப் பாட்டு. பாட்டிக்குக் காலையில் பக்திப் பாடல். வீட்டில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒருவர் பாட்டை இன்னொருவர் கேட்பதில்லை, யாரும் யாரோடும் சேர்ந்து பாடுவதும் இல்லை.

ரைம்ஸைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் குறை வேறு. அந்த அனிமேஷன் பாட்டை இரண்டாவது தடவை கேட்க எந்தப் பெரியவருக்கும் பொறுமை கிடையாது, எனக்கும்தான். அதனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பாட்டு மிஞ்சுகிறது, கூடப் பாட ஆள் இல்லை. பேச்சு வருவது ஆளிடமிருந்து. வாயைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, நாம் நிறுத்திய இடத்திலிருந்து தானே தொடர்ந்துதான் பிள்ளை பேசக் கற்றுக்கொள்கிறது. திரைக்கோ பிள்ளை காத்திருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குழந்தைப் பாட்டைத் தேடாதீர்கள், உங்களுக்கும் அலுக்காத பாட்டைத் தேடுங்கள். அப்படித் தேடினால் பெரும்பாலும் கலப்பிசையில்தான் போய் நிற்போம். நாட்டுப்புற மெட்டும் கிடாரும், கர்நாடக ராகமும் பறையடியும், சிந்தும் ராப்பும் என்று இரண்டு மூன்று மரபுகள் ஒரே பாட்டில் சேர்ந்திருக்கும்போது வீட்டில் ஆளுக்கொரு பிடி கிடைக்கிறது. தாத்தாவுக்கு ராகம், அண்ணனுக்குத் தாளம், சின்னதுக்குத் திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு வரி.

இது இன்றைக்கு யூடியூபில் பிறந்த சங்கதி அல்ல. திருவாரூரில் 1775-இல் பிறந்த கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் வாழ்ந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையில் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாட்டு டீச்சர்கள் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள், எல்லாம் சங்கராபரண ராகம். அதாவது மேற்கத்தியர் மேஜர் ஸ்கேல் என்று சொல்வதன் ஸ்வரங்கள். அதில் 'சந்ததம் பாஹிமாம்' என்பது பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டு. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதே சூழலில்தான் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரியை யோசிக்க முடிகிறதா?

நோட்டுஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, கிடையாது. ஸ்வரம் அசையாமல் நேராக நிற்கும். சின்னக் குழந்தையின் தொண்டை அதைத்தான் பிடிக்கும், ஆரம்பப் பாடமாக அது நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

என் அறையில் ஒருநாள் ஒரு பாட்டி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தன்பாட்டுக்கு 'சியாமளே மீனாக்ஷி' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தீட்சிதரின் நோட்டுஸ்வரம்தான் அதுவும். பேத்தி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து மூடி, விரித்து மூடி நட்சத்திரம் காட்ட ஆரம்பித்தாள். பாட்டிக்கு ஆச்சரியம். "இந்தப் பாட்டு உனக்கு எப்படிடி தெரியும்?" அவளுக்குத் தெரிந்தது ட்விங்கிள் ட்விங்கிள். இரண்டுக்கும் மெட்டு ஒன்றே. மூலம் ஒரு பழைய பிரெஞ்சு மெட்டு, மொசார்ட்டும் அதை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக மாற்றி எழுதியிருக்கிறார். அன்றைக்குப் பயிற்சிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பாட்டி தன் சொற்களில் பாட, பேத்தி தன் சொற்களில் குழற, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சேரி கேட்கும் தாத்தா வீட்டில் இருந்தால் மதுரை மணி ஐயர் பாடிய ஆங்கில நோட்டைப் போட்டுப் பாருங்கள். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த துள்ளல் மெட்டு அது. ஸ்வரங்களே சொற்களாக வருவதால் பிள்ளைக்கும் அது சிரிப்புக் காட்டும் விளையாட்டாகிவிடும்.

ஏன் கலவை வேண்டும், ஒரே மாதிரிப் பாட்டு போதாதா என்று கேட்கலாம். குழந்தைகளின் தாளக் கேள்வி பற்றி ஹானன், ட்ரெஹப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட முடிவுகளை இங்கே சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் ஆறு மாதக் குழந்தைகள் தங்கள் ஊர்ச் சீரான தாளத்தில் பிசகு வந்தாலும் கவனித்தன, தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாட்டு இசையில் வரும், ஏழு போன்ற ஒற்றைப்படை எண்ணிக்கைத் தாளத்தில் பிசகு வந்தாலும் கவனித்தன. அதே ஊர்ப் பெரியவர்களுக்கு இரண்டாவது பிடிபடவில்லை. பன்னிரண்டு மாதமானதும் குழந்தைகளும் பெரியவர்களைப் போல ஆகிவிட்டன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் தினமும் சற்று நேரம் அந்த இசையைக் கேட்கவைத்தபோது அந்தக் குழந்தைகள் மீண்டும் கண்டுபிடித்தன, பெரியவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை. காது திறந்தே பிறக்கிறது, கேட்காததை மெல்ல மெல்லக் கைவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நம் மிஸ்ர சாபு தாளமும் ஏழு எண்ணிக்கைதான். தகிட தகதிமி. நம் பிள்ளைகள் கேட்கும் ரைம்ஸில் ஏழும் ஐந்தும் எங்கே வருகிறது? காவடிச் சிந்தின் துள்ளல்கூட அபூர்வமாகிவிட்டது. நாலு நாலாக எண்ணும் கீபோர்டு தாளம் ஒன்றுதான் காலை முதல் இரவு வரை.

கலப்பிசை என்ற பெயரில் வருவதெல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். பழைய ரைம்ஸுக்குக் கீழே டமார் டமார் என்று டிஜே பீட்டைச் சேர்த்துவிட்டால் அது கலவை இல்லை, இரைச்சல். பத்து வாத்தியம் ஒரே நேரத்தில் ஒலித்தால் குழந்தையால் சொல்லைப் பிரித்தெடுக்க முடியாது. நான் பார்ப்பது குரல் முன்னால் நிற்கிறதா என்பதை. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து போக வேண்டும், மெட்டு ஐந்தாறு ஸ்வரத்துக்குள் சுற்றிவர வேண்டும். மூன்று வயசுக் குரலுக்கு அதற்கு மேல் எட்டாது. ஒரு வரியாவது நாலைந்து தடவை திரும்ப வரவேண்டும், அந்த வரி வீட்டில் பேசும் மொழியில் இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பாட்டு கிடைத்தும் பிள்ளை சேர்ந்து பாடவில்லையென்றால் பெரும்பாலும் சுருதிதான் காரணம். அப்பா தன் குரலுக்கு ஏற்பத் தாழ்ந்த சுருதியில் பாடிக்கொண்டிருப்பார். கொஞ்சம் ஏற்றிப் பாடினால் பிள்ளையும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்ததாக, பாட்டைப் பாதியில் நிறுத்துங்கள். எங்கள் தொழிலில் தினமும் செய்யும் காரியம் இது, செலவே இல்லை. 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' என்று நாலு தடவை பாடிவிட்டு, ஐந்தாவது தடவை 'சாய்ந்தாடம்மா...' என்று நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். புருவத்தைத் தூக்கிக் காத்திருங்கள். பிள்ளை உடம்பை ஆட்டலாம், 'ஆடு' என்று கடைசிச் சத்தத்தை மட்டும் தரலாம், கண்ணால் மட்டும் கேட்கலாம். எதுவானாலும் அது பதில்தான், உடனே பாட்டைத் தொடருங்கள். பெரியவர்களுக்கு இதில் கஷ்டமே அந்த ஐந்து விநாடி மௌனம். இரண்டாவது விநாடியிலேயே தாங்க முடியாமல் தாங்களே சொல்லிவிடுவார்கள். பதிவான பாட்டிலும் இதைச் செய்யலாம், பாஸ் பட்டன் எதற்கு இருக்கிறது?

வார்த்தையே வராத பிள்ளைக்கு நான் சொற்கட்டில், அதாவது மிருதங்க அடிகளை வாயால் சொல்வதில், தொடங்குகிறேன். தகதிமி, தகிட, தளாங்கு. இதற்குப் பொருள் கிடையாது, தப்பாகச் சொன்னால் யாரும் திருத்தப்போவதில்லை. சின்னப் பிள்ளைகள் பல பேருக்கு 'க' சீக்கிரம் வராது, அதற்குப் பதிலாக 'த' போடுவார்கள். 'தததிமி' என்று வந்தால் தாளம் கெடாது, அப்படியே விட்டுவிடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கல்லூரி படிக்கும் அண்ணனும் உள்ளே வந்துவிடுவது. அவன் பீட்பாக்ஸ் செய்வான். வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பதும் வாயாலேயே மிருதங்கம் சொல்வதும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று காட்டினால் போதும். அவன் 'பூம் ச' என்று பிடிக்க, தாத்தா மேலே 'தகதிமி' சொல்ல, தம்பி எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவான். வாத்தியம் எதுவும் வாங்க வேண்டாம். பாட்டிலில் உளுந்து போட்டுக் குலுக்குவதானால் மட்டும் மூடியை நன்றாக ஒட்டி மூடுங்கள், உளுந்து மூக்குக்குள் போய் இ.என்.டி.யிடம் ஓடும் பிள்ளைகள் உண்டு.

சேர்ந்து பாடுவதால் பலன் உண்டா என்று கேட்கும் அப்பாக்களுக்கு ஒரு தகவல். நாலு வயசுக் குழந்தைகளை வைத்து கிர்ஷ்னர், டொமசெல்லோ செய்த ஆய்வு 2010-இல் வந்தது. சேர்ந்து பாடி ஆடி விளையாடிய ஜோடிகள், பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடிய ஜோடிகளைவிட ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். 'மொசார்ட் கேட்டால் மூளை வளரும்' என்று விற்கப்படும் ஆல்பங்கள் வேறு ரகம். அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படும் 1993 ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. கைக்குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

சத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டுக்கு மேலே குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் வீட்டு அளவு. ஹெட்போனில் கேட்கும் பெரிய பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 75 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். பெரியவர்களுக்கு அது 80. சின்னப் பிள்ளைக்கு ஹெட்போனே வேண்டாம் என்பேன். காதை மூடிவிட்டால் சேர்ந்து பாடுவது எப்படி?

கடைசியாக ஒன்று, இதைப் படிக்கும் யாருக்காவது உதவும். "அவனுக்குக் காது நல்லாக் கேட்குது மேடம், குத்துப்பாட்டு போட்டா எழுந்து ஆடுறானே" என்று நம்பிக்கொண்டு ஒரு வருஷம் தள்ளிப்போட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் சான்று ஆகாது. டிரம்ஸும் பேஸும் தாழ்ந்த அதிர்வெண், தரையிலும் நெஞ்சிலும்கூட உணரலாம். உயர்ந்த அதிர்வெண் மட்டும் கேட்காத பிள்ளை பறைக்கு அருமையாக ஆடும், ஆனால் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் அதன் காதில் விழாது. சொற்களை அரைகுறையாகத்தான் பிடிக்கும். ஒரு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயசாகியும் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயசில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். அவர் எந்தப் பரிசோதனை என்று முடிவு செய்வார். சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பெரா என்ற கேள்வி நரம்புப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள், தூங்கும்போது எடுப்பது, வலி கிடையாது. பரிசோதனைக்கு முந்தின இரவு பிள்ளையைச் சற்றுத் தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பிக் கூட்டிப்போங்கள், அங்கே போய்த் தூங்கச் சௌகரியமாக இருக்கும்.