ஒரே சட்டியில் சைவமும் மச்சமும்: மாசியின் ருசி எங்கிருந்து வருகிறது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் மாமி சுத்த சைவம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதனால் பெரும்பாலான நாட்களில் இரண்டு கறி, இரண்டு சட்டி. வெள்ளிக்கிழமை, நவராத்திரி, கந்தசஷ்டி என்று வீடு முழுக்க மரக்கறியாகும் நாட்களில் பிள்ளைகள் பாதிச் சோற்றோடு எழும்பி விடுகிறார்களாம். அதே தக்காளி, அதே கறித்தூள், அதே தேங்காய்ப்பால்தான். அப்படியிருக்க மீன் விழுந்த சட்டி மட்டும் ஏன் அவ்வளவு ருசிக்கிறது, அந்த ருசியை மரக்கறிக்கும் கொண்டுவர வழி உண்டா என்பது அவருடைய கேள்வி.

வழி உண்டு. வேலையும் அதிகமாகாது. ஆனால் மீன் சட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாகத் தாண்டுவோம். நாக்கின் சுவை அரும்புகள் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு ஐந்தாவதாக இன்னொரு சுவையையும் உணர்கின்றன. 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியலாளர் கிகுனே இகேடா, கொம்பு என்ற கடற்பாசியை அவித்த நீரில் அந்தச் சுவையைத் தருவது குளுட்டமேற்று என்று கண்டுபிடித்து, சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். குளுட்டமேற்று புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்று. புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை நாக்குக்கு அது தெரியாது. தனியே கரைந்து நின்றால்தான் தெரியும். நன்றாகப் பழுத்த தக்காளியில் 100 கிராமுக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை அப்படித் தனித்து நிற்கிறது. தாய்ப்பாலிலும் அது நிறைய உண்டு, பசுப்பாலை விடப் பல மடங்கு.

ஆக, வாசகியின் இரண்டு சட்டிகளிலும் தக்காளி வழியாகக் குளுட்டமேற்று ஏற்கனவே இருக்கிறது. வித்தியாசம் வேறொரு பொருளில்.

மீன் நீந்தும்போது அதன் தசைக்குச் சக்தி கொடுப்பது ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு. மீன் செத்ததும் புதிதாக ஏ.ரி.பி. உண்டாவது நின்றுவிடுகிறது. இருப்பதைத் தசையிலுள்ள நொதியங்கள் படிப்படியாக உடைக்கத் தொடங்குகின்றன. பொசுபேற்றுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, சில மணி நேரத்தில் பெரும்பகுதி இனோசினேற்று என்ற பொருளாக மாறிவிடும். அந்தக் கட்டத்தில்தான் மீன் மிக ருசியாக இருக்கும். அதற்கு அப்புறமும் நொதியங்கள் சும்மா இருப்பதில்லை. இனோசினேற்று உடைந்து சுவையற்ற இனோசின் ஆகி, பிறகு கசக்கும் ஹைப்போசாந்தைன் ஆகிறது. ஐஸில் வைத்தால் இந்த இறக்கம் மெதுவாகும், வெயிலில் கிடந்தால் விரைவாகும். கொட்பே துறைமுகத்தில் விடிய இறங்கிய சூரை, ஐஸ் இல்லாமல் மதியம்வரை வெயிலில் கிடந்தால், நாற்றம் வருவதற்கு முன்பே ருசி போய்விடுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது மாசியைப் பாருங்கள். சூரையின் குடலை எடுத்து, பிளந்து, உப்புத் தண்ணீரில் அவித்து, புகையிட்டு, மரக்கட்டை போலாகும்வரை காயவைப்பதுதான் மாசி. இதில் அவிக்கும் படிதான் உயிர்நிலை. கொதிநீரின் சூட்டில் நொதியங்கள் செயலிழந்து போவதால், இனோசினேற்று மேலும் உடையாமல் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு காய்ந்து தண்ணீர் வெளியேற, அது இன்னும் செறிவாகிறது. யப்பானியர் இதே சூரையை ஏறக்குறைய இதே முறையில் பதப்படுத்தி கட்சுவோபுஷி செய்கிறார்கள். இகேடாவின் மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913இல் இனோசினேற்றின் சுவையைக் கண்டறிந்தது அந்தக் கட்டையிலிருந்துதான். அவிக்காமல் உப்பிட்டு நேரே வெயிலில் போடும் கருவாட்டில், காய்ந்து முடியும்வரை நொதியங்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. அதனால்தான் ஒரு கரண்டி மாசித் தூள் செய்யும் வேலையை ஒரு துண்டுக் கருவாட்டால் அப்படியே செய்ய முடிவதில்லை.

ஆனால் இனோசினேற்றைத் தனியாக நாக்கில் வைத்தால் அப்படியொன்றும் பெரிய சுவை இல்லை! குளுட்டமேற்றோடு சேரும்போதுதான் விசேஷம். இரண்டையும் சம அளவில் கலந்தால், அதே எடையுள்ள குளுட்டமேற்றைத் தனியாகச் சுவைப்பதை விட ஏழெட்டு மடங்கு பலமாக நாக்குக்குத் தெரியும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகாமல் ஏழெட்டாவது எப்படி? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உமாமியை உணரும் வாங்கி (receptor), அதாவது சுவை மூலக்கூற்றைப் பிடித்துச் செய்தி அனுப்பும் அமைப்பு, ரி1ஆர்1, ரி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் இணைந்தது. 2002இல் ஆய்வாளர்கள் இதை அடையாளம் கண்டார்கள். ரி1ஆர்1 புரதத்தின் ஒரு பகுதி சுவைக் கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு இரண்டு மடல்கள், நடுவே ஒரு மடிப்பு. பூச்சி வந்து உட்கார்ந்ததும் இலையை மூடிக்கொள்ளும் வீனஸ் செடி போலிருப்பதால் விஞ்ஞானிகள் அந்தப் பகுதிக்கு அந்தச் செடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குளுட்டமேற்று உள்ளே போய் மடிப்புக்குப் பக்கத்தில் உட்காருகிறது. மடல்கள் மூடுகின்றன. மூடியிருக்கும் நேரத்தில் கலத்துக்குள் செய்தி போகிறது, அங்கிருந்து மூளைக்கு.

ஆனால் குளுட்டமேற்றால் மடல்களை அதிக நேரம் மூடி வைத்திருக்க முடியாது. மடல்களின் வாய்ப்பக்கத்தில் நேரேற்றமுள்ள அமினோ அமிலங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், இதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். மடல்கள் மூடும்போதெல்லாம் இந்தத் தள்ளுவிசை அவற்றைத் திறக்கப் பார்க்கிறது. குளுட்டமேற்று வெளியேறுகிறது, செய்தி அறுகிறது.

இங்கேதான் இனோசினேற்று வருகிறது. அது குளுட்டமேற்றின் இடத்தைப் பிடிக்கப் போவதில்லை. அதற்குப் பக்கத்தில், வாயோரமாக, சரியாக அந்த நேரேற்றங்களுக்கு நடுவே போய் உட்காருகிறது. ஏ.ரி.பி.யின் மூன்று பொசுபேற்றுகளில் இரண்டு கழன்ற பிறகும் இனோசினேற்றில் ஒன்று மிஞ்சியிருக்கும். அந்தப் பொசுபேற்று மறையேற்றமுள்ளது. இரண்டு பக்க நேரேற்றங்களையும் அது சமன்செய்து பிடித்துக்கொள்ள, தள்ளுவிசை அடங்குகிறது. மடல்கள் மூடியபடியே இருக்கின்றன, குளுட்டமேற்றும் உள்ளேயே இருக்கிறது, செய்தி தொடர்ந்து போகிறது. இந்த விளக்கம் 2008இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. வாங்கியின் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எதை மாற்றினால் கூட்டு விளைவு மறைகிறது என்று தேடிப் பிடித்தார்கள். மீன் ஓடித் திரிந்தபோது அதன் தசையை இயக்கிய மூலக்கூற்றின் எச்சம், நம் நாக்கில் தக்காளியின் சுவையை மூடிப் பிடித்து வைத்திருக்கிறது. இதை முதன்முதலில் வாசித்தபோது அடைந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, மாமியின் சட்டிக்கு வருவோம். அந்த வாயோரத்தில் உட்கார, ஒரு பொசுபேற்றும் ஏறக்குறைய அதே உருவமும் உள்ள வேறொரு மூலக்கூறு போதும். தாவர உணவுகளில் அது பொதுவாக மிகக் குறைவு. காய்ந்த காளானில் மட்டும் தாராளம். அதன் பெயர் குவானிலேற்று. அகிரா குனினகா என்ற யப்பானிய ஆய்வாளர் 1957இல் அதன் சுவையைக் கண்டறிந்தார். குளுட்டமேற்றோடு சேர்ந்தால் அது இனோசினேற்றை விடவும் பலமாக வேலை செய்கிறது. மீன் தொடாத யப்பானியப் பௌத்த துறவிகள் கடற்பாசியையும் காய்ந்த ஷீட்டாக்கே காளானையும் சேர்த்து அவித்து வடித்த நீரில் சமைத்தார்கள். வாங்கி, மடல், பொசுபேற்று எதுவும் தெரியாத காலத்திலேயே, உப்புவெளி வாசகியின் கேள்விக்கு நாக்கை மட்டும் வைத்து விடை கண்டுவிட்டார்கள்.

புதுக் காளானில் குவானிலேற்று கொஞ்சம்தான் இருக்கும். காயும்போது கலங்கள் உடைகின்றன. பிறகு ஊறவைத்துச் சூடாக்கும்போது, காளானின் ஆர்.என்.ஏ.யை ஒரு நொதியம் வெட்டிக் குவானிலேற்றை விடுவிக்கிறது. அது 60, 70 பாகை சூட்டில் நன்றாக வேலை செய்யும். இன்னொரு நொதியம் கிடைத்த குவானிலேற்றிலிருந்து பொசுபேற்றைப் பிடுங்கிப் பாழாக்கிவிடும். நல்லகாலம், அது 50 பாகைக்குக் கிட்ட வேகமாக ஓடி, 60ஐத் தாண்டியதும் அடங்கிவிடுகிறது. ஆகவே காய்ந்த காளானைச் சுடுதண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஆறும் தண்ணீர் அந்த 50 பாகையில்தான் அதிக நேரம் நிற்கும். குளிர்ந்த தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறகு ஊறிய தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, கை வைக்க முடியாத சூடு வந்ததும் நெருப்பைக் குறைத்து, கொதிக்க விடாமல் ஒரு பத்து நிமிடம். குவானிலேற்று அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்.

ஷீட்டாக்கே கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நம்மூர்ச் சிப்பிக் காளானைக் கிழித்து, சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் சுள்ளென்று காயவைத்துப் போத்தலில் அடைத்து வைக்கலாம். ஷீட்டாக்கே அளவுக்குப் பலம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். மூத்தவர்கள் சிலர் காளானும் தொடமாட்டார்கள். அவர்களுக்குக் கூட்டாளி மூலக்கூறு இல்லாததால் குளுட்டமேற்றையே கூட்ட வேண்டும். தக்காளியைப் பிளந்து உப்புத் தூவி வெயிலில் காயவைத்துச் சேர்த்தால் அதே தக்காளி இரண்டு மூன்று மடங்கு பேசும்.

இனிச் சமையல். அடி ஒன்றுதான். தாச்சியில் தேங்காய் எண்ணெய் விட்டு, கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் தாளித்து, சின்ன வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, றம்பை போட்டு வதக்குங்கள். நாலைந்து பழுத்த தக்காளியை விதையும் வழுவழுப்பும் சேர்த்தே வெட்டிப் போடுங்கள். அந்த வழுவழுப்பில்தான் வெளிச் சதையை விட அதிகக் குளுட்டமேற்று இருக்கிறது. கறித்தூள், உப்பு, கரைத்த பழப்புளி, இரண்டாம் பால் விட்டு, எண்ணெய் மேலே தெரியும்வரை வற்றவிடுங்கள். இப்போது சட்டியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் சூரைத் துண்டுகள். மற்றதில் வதக்கிய கத்தரிக்காய், கூடவே காளானும் அதன் தண்ணீரும். இரண்டுக்கும் கடைசியில் முதற்பால், ஒரு கொதி, இறக்கிவிடலாம். கோழி சமைக்கும் நாளிலும் கணக்கு இதேதான், கோழித் தசையிலும் இனோசினேற்று உண்டு. வீடு முழுக்க மரக்கறியாகும் நாளில் பிரிக்கும் வேலையும் இல்லை.

காளானை அள்ளிப் போடத் தேவையில்லை. குளுட்டமேற்றோடு இந்தப் பொருட்கள் சிறிதளவு சேர்ந்ததுமே சுவை செங்குத்தாக ஏறி, பிறகு ஏற்றம் மட்டுப்பட்டுவிடும். நாலு பேருக்கான கறிக்கு ஒரு கைப்பிடி காய்ந்த காளான் தாராளம். உமாமி கூடினால் உப்பைக் கொஞ்சம் குறைத்தாலும் ருசி குறைந்ததாகத் தெரியாது, பிரஷர் உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், மீனின் மணமும் மாசியின் புகை மணமும் இதில் வராது. அது மூக்கின் வேலை. ஒரு பிடி தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வறுத்து அரைத்துச் சேர்த்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியாது.

இவ்வளவையும் வாசித்தவர்களில் பலருக்கு அஜினோமோட்டோ ஞாபகம் வந்திருக்கும். அது குளுட்டமேற்றின் சோடிய உப்புத்தான், தக்காளியில் உள்ள அதே குளுட்டமேற்று. 1968இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒரேயொரு கடிதத்திலிருந்து கிளம்பிய பயம், உலகத்தைச் சுற்றி நம் அடுக்களை வரைக்கும் வந்துவிட்டது. யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்தப் பயம் உறுதிப்படவில்லை. 1987இல் உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, அதற்கு நாளாந்த எல்லை எதையும் எண்ணால் குறிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தது. ஆதாரமில்லாத பயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதே நேரம், பக்கெற்றை வாங்கிக் கொட்டுவதை விடக் கூட்டாளி மூலக்கூற்றைத் தேடுவதுதான் நல்ல சமையல் என்பதும் என் கருத்து.

இன்னொரு ஆசையும் உண்டு. யப்பானியர் தங்கள் மீன், கடற்பாசி, காளான் ஒவ்வொன்றிலும் இந்தப் பொருட்கள் எவ்வளவு என்று அளந்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். சூரைக்கும் நெத்தலிக்கும் பஞ்சமில்லாத கடற்கரை நம்முடையது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் கையில் நிறப்பகுப்புக் கருவிக்கும் இரசாயனப் பொருட்களுக்குமான பணத்தைக் கொடுத்து, நம்மூர் மாசியையும் கருவாட்டையும் ஐஸில் வந்த மீனையும் ஐஸ் இல்லாமல் வந்த மீனையும் அளக்கச் சொல்ல வேண்டும். மீனவருக்கு விலையையும் வீட்டுக்காரருக்கு ருசியையும் தரக்கூடிய அறிவு இது. இதற்குச் செலவழிக்கும் பணத்தை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

கவுட் என்ற மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இனோசினேற்றும் குவானிலேற்றும் உடலில் உடைந்து யூரிக் அமிலமாகும் வகை. மாசி, நெத்தலி, காய்ந்த காளான் எல்லாவற்றையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகி கடிதத்தின் அடியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: முட்டைக் குழம்பு மீன் குழம்பு மாதிரி ருசிப்பதில்லையே, அதிலும் புரதம்தானே? புரதம்தான், ஆனால் முட்டையில் தசை இல்லை. இனோசினேற்று அநேகமாக இல்லவே இல்லை, தனித்த குளுட்டமேற்றும் குறைவு. முட்டை சேர்ப்பவர்கள் அந்தக் குழம்பிலும் தக்காளியைக் கூட்டி, ஒரு தேக்கரண்டி மாசித் தூளோ காளான் தண்ணீரோ விட்டுப் பாருங்கள்.