ஜெனரல் கவுன்சல்: ‘பொது ஆலோசகர்’ அல்லர்

அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிய செய்திகளைத் தமிழில் எழுதும்போது கல்லூரியின் சட்ட விவகாரங்களைக் கவனிக்கும் ‘ஜெனரல் கவுன்சல்’ (General Counsel) என்ற பதவியைப் ‘பொது ஆலோசகர்’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். சட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. மாணவர்களின் மனக்குறை கேட்பவர் என்று வாசகர் எண்ணிக்கொண்டால் பிழை அவருடையதன்று.

‘கவுன்சல்’ என்பதன் வேர் ‘கான்சிலியம்’ என்னும் இலத்தீன் சொல். ஆராய்ந்து சொல்லும் அறிவுரை என்பது பொருள். பேரவையைக் குறிக்கும் ‘கவுன்சில்’ வேறொரு இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் எளிதில் குழம்பும். பழந்தமிழில் இதே பொருளுக்குச் ‘சூழ்தல்’ இருந்தது. அரசனுக்கு ஆராய்ந்து சொல்பவர்களைத் திருக்குறள் ‘சூழ்வார்’ என்கிறது. ‘சூழ்ச்சி’ இன்று சதி என்று தாழ்ந்துவிட்டதால் அந்த அழகான சொல்லை மீட்க வழியில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

‘ஜெனரல்’ இங்கே ஒரு துறைக்குள் அடங்காத, முழுமை தழுவிய என்ற பொருளில் வருகிறது. அட்வகேட் ஜெனரலை ‘அரசுத் தலைமை வழக்கறிஞர்’ என்றே ஆக்கியிருக்கிறோம். அந்தத் ‘தலைமை’ இங்கும் பொருந்தும்.

அப்படியானால் ‘தலைமை வழக்கறிஞர்’ போதாதா? போதாது. 1816இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் டார்ட்மத் கல்லூரியைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, அதன் பழைய மாணவர் டேனியல் வெப்ஸ்டர் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்; 1819இல் கல்லூரி வென்றது. அவர் அந்த வழக்குக்காக அமர்த்தப்பட்ட வழக்குரைஞர். ஜெனரல் கவுன்சலோ கல்லூரிக்குள்ளேயே பணியாற்றுபவர். வழக்கு வந்தால் பெரும்பாலும் வெளியார் நிறுவனத்தை அமர்த்தி மேற்பார்ப்பார். அன்றாட வேலை ஒப்பந்தங்கள், பணியாளர் சிக்கல்கள், நன்கொடை நிபந்தனைகள், கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம், மாணவர் பதிவேடுகளைக் காக்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் என்று விரியும். வழக்கு எழாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பணி.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இவருடைய கட்சிக்காரர் கல்லூரித் தலைவர் அல்லர்; கல்லூரி என்னும் நிறுவனம். தலைவர் இவரிடம் மனம்விட்டுச் சொன்னதன் இரகசியத்தைக் காப்பதா கைவிடுவதா என்ற உரிமையும் நிறுவனத்துக்கே. தலைவரின் செயல் சட்டத்தை மீறி நிறுவனத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கும் என்றால், கல்லூரியை ஆளும் அறங்காவலர் குழுவிடம் அதைக் கொண்டுசெல்லும் கடமை இவருக்கு எழும். ‘தலைவரின் வக்கீல்’ என்று எழுதுவது ஆகப் பெரிய பிழை.

இந்த நாற்காலிக்கு நேராக யாரும் வருவதில்லை. இளநிலைப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, வழக்கறிஞர் தேர்வு, சட்ட நிறுவனத்திலோ அரசுப் பணியிலோ சில ஆண்டுகள், பிறகு கல்லூரியில் துணைப் பொறுப்பு என்பது பலர் வந்த வழி.

‘தலைமைச் சட்ட ஆலோசகர்’ என்று எழுதுங்கள். அவருக்குக் கீழே இருப்பவர் ‘இணைச் சட்ட ஆலோசகர்’. ஒரே ஒருவர் உள்ள சிறு கல்லூரியில் ‘கல்லூரிச் சட்ட ஆலோசகர்’ போதும்.